கடைசிப் பக்கம் வரை படிப்பவன்

நம் முதலீட்டு ஃபண்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி நந்தனம் ஆபீசிலிருந்து கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: பிரைவேட் ஈக்விட்டி துறையின் இன்றைய போக்குகளும் வாய்ப்புகளும். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை, சரி என்று உட்கார்ந்தேன். முதல் பத்தி முடிவதற்குள் எனக்கு உங்கள்மேல் பொறாமை வந்துவிட்டது. அதை மூடி மறைத்துக்கொண்டு எழுதினால் எழுத்தில் எப்படியும் தெரிந்துவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொறாமைப்பட எனக்குக் காரணம் இருக்கிறது. நம் தொழில் என்ன? பலருடைய பணத்தைத் திரட்டி, வளரக்கூடிய கம்பெனியில் பங்கு வாங்கி, சில வருடங்கள் கூடவே இருந்து வளர்த்து, பிறகு நல்ல விலைக்கு விற்பது. இதை இன்று உங்கள் அம்மாகூட அடுத்த வீட்டில் விளக்கிச் சொல்வார். நான் வந்த காலத்தில் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம் போய் நாங்கள் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர், "வட்டி என்ன தம்பி?" என்பார். வட்டி இல்லை ஐயா, பங்கு என்றால், "பங்கா? என் தம்பிக்கே நான் பங்கு குடுக்கல" என்று மோர் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்தத் தெருவில் நான் குடித்த மோருக்கு அளவே இல்லை.

இன்று அதே முதலாளியின் மகன் எங்கோ வெளிநாட்டில் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறான். கடைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். முதலாளியே உங்களுக்குப் போன் செய்து, மொத்தமாக எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். நாங்கள் கால்வாசிப் பங்குக்குத் தவமிருந்தோம், உங்களிடம் முழுக் கடையையும் சாவியோடு நீட்டுகிறார்கள். ஃபண்டுக்குப் பணம் திரட்ட நாங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் பறந்தோம். உங்களுக்கு அடையாறிலேயே ஆள் இருக்கிறது, தன் கம்பெனியை விற்றுவிட்டு அடுத்து என்ன செய்வது என்று மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். வாங்கிய பங்கை விற்க நாங்கள் பங்குச் சந்தையின் வாசலில் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தோம். உங்களிடமிருந்து இன்னொரு ஃபண்டு வாங்கிக்கொள்கிறது, அதனிடமிருந்து வேறொன்று. ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை, முதியோர் பராமரிப்பு என்று நாங்கள் தொடத் தயங்கிய துறைகள் எல்லாம் இப்போது உங்கள் மேசைக்கு வரிசையில் வருகின்றன.

போதாததற்கு, ஒரு கம்பெனியில் பணம் போடலாமா என்று அலசி எழுதும் எழுபது பக்க மெமோவை உங்கள் கணினி ஒரே பக்கமாகச் சுருக்கியும் தருகிறது. இந்த ஒன்றில் மட்டும் எனக்குப் பொறாமை இல்லை, பயம்தான் இருக்கிறது. அது ஏன் என்று சொல்வதற்கு நான் முரளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முரளியும் நானும் ஒரே வாரத்தில் இந்த ஃபண்டில் சேர்ந்தோம். ஒரே சம்பளம், பக்கத்துப் பக்கத்து மேசை. பொறாமைப்படுவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இருக்க முடியாது. கம்பெனி முதலாளிகள் என்னை "சார்" என்பார்கள், அவனைத் "தம்பி" என்பார்கள். என்னை ஆபீஸ் அறையில் உட்கார வைத்துப் பேசுவார்கள், அவனை வீட்டுக்குள் அழைத்து இரண்டாவது முறை சாம்பார் ஊற்றுவார்கள். இந்தத் தொழிலில் இரண்டாவது சாம்பார் யாருக்கு ஊற்றப்படுகிறதோ அவருக்குத்தான் டீல் முடியும். அவனுக்கு முன்வழுக்கை விழவில்லை, எனக்கு விழுந்தது. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு டீல் முடிந்தால் அக்ரிலிக்கில் கையகலக் கட்டி ஒன்று செய்து, உள்ளே கம்பெனியின் பெயரைப் பதித்து, டீலைக் கொண்டுவந்தவருக்குக் கொடுப்பார்கள். உங்கள் மேசைகளிலும் வரத் தொடங்கியிருக்கும். முரளியின் மேசையில் அவை வரிசையாக ஜன்னலோரம் நின்றன. காலையில் அண்ணா சாலைப் பக்கத்து வெயில் அவற்றின் வழியாக வந்து என் கீபோர்டில் விழும். கண் கூசுகிறது என்று சொல்லி நான் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஆபீசில் எல்லோருக்கும் காரணம் தெரியும்.

என் மேசையிலும் சில இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் இழுப்பறையில் வைத்திருந்தேன். அது தி.நகரில் ஒரு இனிப்புக் கடைக் குடும்பம். மூன்று சகோதரர்கள், நான்கைந்து கிளைகள், பண்டிகை நாட்களில் வாசலில் கயிறு கட்டிக் கூட்டத்தைச் சமாளிக்கும் வியாபாரம். நான் கொண்டுவந்த டீல் அது. மெமோவின் கடைசிப் பக்கத்தில், மூன்று சகோதரர்களும் மூன்று வெவ்வேறு இடங்களில் நெய் வாங்குகிறார்கள், ஒரே இடத்தை நம்பியிராதது நல்ல ஏற்பாடு என்று பாராட்டி எழுதியிருந்தேன். பணம் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கமிட்டியில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "நல்லா இருக்கு, பண்ணிடலாம்" என்றார்கள். முரளியும் அதையே சொன்னான்.

பணம் போன சில மாதங்களில் விஷயம் வெளியே வந்தது. மூவரும் அவரவர் மாமனார் வீட்டு வழியில் நெய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாங்கும் நெய்யை மற்றவர் தொடுவதில்லை. அண்ணன் தம்பிகள் நேருக்கு நேர் பேசி வருடங்கள் ஆகியிருந்தன, எல்லாப் பேச்சும் கணக்குப்பிள்ளை மூலமாகத்தான். பெட்டியின்மேல் யார் படத்தைப் போடுவது என்பதில் ஆரம்பித்து, கடை மூன்றாக உடைந்தது. நாங்கள் போட்ட பணம் ஏதோ திரும்பி வந்தது, மரியாதைதான் வரவில்லை.

என்னைக் குடைந்தது வேறு. முரளி கூட்டுக் குடும்ப வியாபாரத்திலிருந்து வந்தவன். மூன்று இடத்தில் நெய் என்று படித்தவுடனேயே அவனுக்கு மூக்கில் வியர்த்திருக்கும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டு என்னை விழ விட்டுவிட்டான் என்று நான் முடிவு கட்டினேன். அன்றிலிருந்து அவன் எழுதும் ஒவ்வொரு மெமோவையும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் பக்கத்தின் அடிக்குறிப்பு வரைக்கும் படிப்பது என் வழக்கமாயிற்று. ஓர் எழுத்துப் பிழை கிடைத்தால்கூட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசிக்கும்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியானது. பார்ட்னர் பதவி, ஒரே ஒரு இடம். அந்த நேரம் பார்த்து முரளி ஒரு டீலைக் கொண்டுவந்தான். வீட்டில் படுக்கையில் இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் கம்பெனி. மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் எங்கும் பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே என்று ஆகிவிட்ட காலம். துறை வளர்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தொடங்கியவர் ஃபிலோமினா, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சுகளை மேய்த்துவிட்டு வெளியே வந்து, அடையாறில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் கம்பெனி ஆரம்பித்த கெட்டிக்காரப் பெண்மணி. இந்த டீல் முடிந்தால் நாற்காலி முரளிக்கு. முடியாவிட்டால் எனக்கு. இதை யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கமிட்டி வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு மந்தைவெளி வீட்டில் சாப்பாட்டு மேசையில் மெமோவை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல மெமோ. பிழை கிடைக்காமல் நொந்துபோய்க் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். கம்பெனியை விட்டு விலகும் குடும்பங்களைப் பற்றி அங்கே ஒரு வரி இருந்தது: விலகியவர்களில் ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் நோயாளி குணமடைந்துவிட்டார் அல்லது காலமாகிவிட்டார்.

பக்கவாதத்தில் படுத்திருந்த என் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அமுதா என்ற பெண் அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தாள். அது எனக்கு நினைவு வரவே, கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி கோமதியிடம், "முரளியோட புது கம்பெனிக்கு நாமும் கஸ்டமர்தான், தெரியுமா?" என்றேன்.

"நாமளா? நாம அதை விட்டு எத்தனையோ நாளாச்சே" என்றாள் கோமதி.

"அமுதா வந்துண்டுதானே இருக்கா?"

"வரா. ஆனா கம்பெனி மூலமா இல்லை. நாம குடுக்கறதுல பாதிதான் அவ கைக்குப் போயிண்டிருந்தது. நேரா நம்மாத்துக்கே வந்துடுன்னு சொல்லிட்டேன். கம்பெனிக்குப் போன் பண்ணி, மாமாவுக்கு இப்போ தேவலை, ஆள் வேண்டாம்னுட்டேன். இதுல என்ன? எதிர் ஃப்ளாட்லயும் இப்படித்தான் பண்ணிண்டிருக்கா."

அந்த நேரம் அமுதா தண்ணீர் எடுக்க வந்தாள். ஆற்றோரக் குடிசையிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவள், இரண்டு பஸ் மாறி வருகிறாள். "இன்னா சார், கம்பெனில போட்டுக் குடுத்துடுவியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அம்மாதான் கூப்ட்டாங்கோ. நானா ஒண்ணும் கேக்கல சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆக, முரளியின் மெமோவின்படி என் அப்பா ஒன்று குணமாகியிருக்க வேண்டும், இல்லை காலமாகியிருக்க வேண்டும். அவரோ உள் அறையில் படுத்தபடி, காபி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் எனக்கு வந்தது கவலை என்று எழுதத்தான் ஆசை. வந்தது சந்தோஷம். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் என் சொந்த டீல் எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. மாலையில் லஸ் பக்கத்துப் பூங்காவுக்கு நடக்கப் போனேன். வீட்டில் ஆள் வைத்திருக்கும் தெரிந்தவர்களை எல்லாம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் மழுப்பினார்கள், ஆனால் கதை ஒன்றுதான். கொஞ்ச நாள் போனதும் வருகிற பெண் வீட்டு மனுஷியாகிவிடுகிறாள், கம்பெனி வெளியாளாகிவிடுகிறது. நம் ஊர் வீடுகளின் பழக்கம் அது. முரளியின் மெமோவுக்காக மும்பையில் உட்கார்ந்து அறிக்கை தயாரித்த ஆலோசகருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

எங்கள் ஃபண்டில் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. யாருடைய டீலிலாவது ஓட்டை தெரிந்தால், கமிட்டிக்கு முன்பே அவரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். வியாழக்கிழமை லிஃப்டில் முரளியே என்னிடம் கேட்டான், "மெமோ பாத்தியாடா? ஏதாவது இருக்கா?"

"ரூம்ல பேசிக்கலாம்" என்றேன்.

எங்கள் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஏதோ இருக்கிறது, சபையில் வைத்து உடைக்கப்போகிறேன். அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு எங்கள் மாடி வந்ததும் எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டான்.

இப்போது நான் உங்களிடம் சொல்ல நினைப்பது அந்த ஒரு நாள் நான் எனக்குள்ளேயே இரண்டு பேராக இருந்ததைப் பற்றி. என்னிடம் இருப்பது சரியான தீர்ப்பா, வயிற்றெரிச்சலா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு டீலைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும்போது அந்த 'வேண்டாம்' எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தவிப்பது பெரிய அவஸ்தை. முரளி இல்லாமல் வேறொருவன் இதைக் கொண்டுவந்திருந்தால் இதே ஓட்டை எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரியுமா? தெரிந்திருக்காது. ஏனென்றால் நான் கடைசிப் பக்கத்தையே பார்த்திருக்க மாட்டேன். அதற்காக அந்த ஓட்டை இல்லை என்று ஆகிவிடுமா? இதற்குமேல் யோசிக்க முடியாமல் கமிட்டி அறைக்குப் போனேன்.

முரளி பேசி முடித்ததும் நான் சொன்னேன். விலகுகிறவர்கள் சாகவில்லை, குணமாகவும் இல்லை. நேரடியாகப் பேசி ஆளை வைத்துக்கொள்கிறார்கள். கம்பெனி எவ்வளவு வேகமாக ஆள் சேர்க்கிறதோ அவ்வளவு வேகமாக நம் ஊர் வீடுகள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. மெமோவில் இருக்கும் வளர்ச்சி வரவே வராது.

எதிர்பார்த்த அதிர்ச்சி அறையில் வரவில்லை. எங்கள் ஃபண்டின் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது உங்க வீட்டுக் கதை. கம்பெனியோட ரெக்கார்டு வேற மாதிரி சொல்லுதே" என்றார். இன்னொருவர், "முரளி டீல்னா இவருக்கு மட்டும் தனியா ஒரு பூதக்கண்ணாடி கிடைச்சுடும் சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேறொரு ஃபண்டு ஃபிலோமினாவிடம் பேசிக்கொண்டிருந்தது, அன்றே முடிவெடுக்காவிட்டால் டீல் கைவிட்டுப் போய்விடும். தலைவர், "அப்போ பண்ணிடலாமா?" என்று சுற்றிலும் பார்த்தார். தலைகள் ஆடின. வருடக்கணக்காக வளர்த்த பொறாமையின் பலன் எனக்கு அங்கே கிடைத்தது. உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

சிரிக்காமல் இருந்தவன் ஒருவன்தான். முரளி தன் மெமோவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இன்னைக்கு அப்ரூவல் வேண்டாம். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க" என்றான்.

"டீல் போயிடும் முரளி."

"போனா போகட்டும் சார். இவன் சொல்றது சரின்னு தோணுது."

தன் டீலை, தன் நாற்காலியை, கையெழுத்து விழப்போகிற நேரத்தில் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வெளியே வந்ததும் ஆபீசே அவனை வியந்து பேசியது. ஓட்டையைக் கண்டுபிடித்தவன் நான், நல்ல பெயர் அவனுக்கு. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு அவன் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். போனும் செய்யவில்லை. அன்றைக்கென்று அமுதா வரவில்லை, அவள் மகளுக்குச் சடங்கு. நான் அப்பாவைக் கட்டிலில் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியாமல் திருப்பிக்கொண்டிருந்தேன், அவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். முரளி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து மறுபக்கம் பிடித்தான். இருவருமாகத் திருப்பிப் படுக்க வைத்தோம். பிறகு கூடத்தில் போய் உட்கார்ந்து கோமதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நீங்க கம்பெனியை விட்டது சரிதான். நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். என்ன குடுத்தா திரும்பி வருவீங்க?"

கோமதி கொட்டித் தீர்த்துவிட்டாள். அமுதா வராத நாளில் வீடு எப்படித் தலைகீழாகிறது, பதிலுக்கு ஆள் கிடைக்காமல் எத்தனை பேருக்குப் போன் செய்கிறாள், மாமாவுக்கு முதுகில் புண் வந்தால் பார்த்துச் சொல்ல ஒரு நர்ஸ் இல்லை, அமுதாவுக்கே உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வது. "அவளைப் பிடுங்கிக்காம, இதுக்கு மட்டும் மாசம் ஏதாவது வாங்கிண்டான்னா நான் சந்தோஷமா குடுப்பேன்" என்றாள். இதில் ஒரு வார்த்தைகூட அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. எனக்கு அவள் முரளியின் டீலை உடைப்பதற்கான சாட்சியாக இருந்தாள், அவ்வளவுதான்.

விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருக்கும் டபராவில் அவனுக்குக் காபி வந்தது. அவன் போன பிறகு, "எவ்வளவு தன்மையான மனுஷர்" என்றாள். எங்கள் வீட்டிலும் இரண்டாவது சாம்பார் அவனுக்குத்தான்.

மறுநாள் அடையாறுக்கு ஃபிலோமினாவைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட வரச் சொன்னான். ஓட்டையை நான்தான் சொன்னேன், நானே கேட்க வேண்டும் என்றான். கேட்டேன். அந்த அம்மாள் மேசைமேல் இருந்த பேனாவை உருட்டியபடியே சொன்னார்.

"தெரியும் சார். வீட்டுக்காரங்க இழுத்துக்கறாங்கன்னு வெளிய சொன்னா யார் சார் இதுல பணம் போடுவாங்க? வேகமா வளர்ந்துட்டா சமாளிச்சிடலாம்னு நெனச்சேன்."

"சமாளிக்கலேன்னா என்ன ஆகும்னு ஒப்பந்தத்துல படிச்சீங்களா?" என்று கேட்டான் முரளி.

அவர் படிக்கவில்லை. சொன்ன வளர்ச்சி வராவிட்டால் வருடாவருடம் அவருடைய பங்கில் பாதி எங்களுக்கு வந்துவிடும் என்று, கையெழுத்துக்குத் தயாராக இருந்த ஒப்பந்தத்தில் இருந்தது. மெமோவில் இருந்த வளர்ச்சி வராது என்பது எங்கள் மூவருக்கும் அப்போது தெரிந்தாகிவிட்டது. இரண்டு வருடத்தில் அவர் கட்டிய கம்பெனி அவர் கையில் இருந்திருக்காது. முரளி அந்த ஷரத்தை அவருக்குப் படித்துக் காட்டினான். ஃபிலோமினா முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, "நல்லவேளை சார்" என்றார், என்னைப் பார்த்து. அந்த டீலில் என்னைப் பார்த்து யாராவது நன்றியாக எதையாவது சொன்னது அது ஒன்றுதான்.

அவர் அந்த இன்னொரு ஃபண்டுக்குப் போகாமல், ஒப்பந்தத்தை மாற்றி எழுதி எங்களோடேயே கையெழுத்துப் போட்டார். பிறகு நடந்ததை நீங்கள் பயிற்சி வகுப்பில் வெற்றிக் கதையாகப் படித்திருப்பீர்கள். வீட்டாரும் ஆளும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும், கம்பெனி தடுக்காது. மாதம் ஒரு சிறு சந்தா கட்டினால், ஆள் வராத நாளில் பதில் ஆள் வரும், நர்ஸ் வந்து பார்ப்பார், வேலைக்கு வரும் பெண்ணுக்கு மருத்துவக் காப்பீடும் உண்டு. விலகிப் போன குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அமுதாகூட, "இது தேவல சார், லீவு போட்டா மனசு அடிச்சிக்கினு கெடக்க வேணாம்" என்றாள். காத்திருந்த அந்த இன்னொரு ஃபண்டே பின்னால் நல்ல விலை கொடுத்து எங்கள் பங்கை வாங்கிக்கொண்டது. நாற்காலி முரளிக்குப் போனது. ஜன்னலோரத்தில் ஒரு கட்டி கூடியது. எங்கள் வீட்டிலிருந்து மாதம் தவறாமல் முரளியின் கம்பெனிக்குச் சந்தா போனது, என் கணக்கிலிருந்து, கோமதியின் உத்தரவின் பேரில்.

முரளியும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டான். பெசன்ட் நகரில் அவன் வீட்டு பால்கனியில் நின்றால் கடல் தெரியும். என் பால்கனியில் நின்றால் எதிர் ஃப்ளாட்டின் துணிக்கொடி தெரியும். போன மாதம் ஒரு மாலை அங்கே உட்கார்ந்திருந்தோம். கீழே கடற்கரைக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. உங்களுக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், அந்த டீலைப் பற்றி எழுதலாமா என்றும் கேட்டேன்.

"தாராளமா எழுது. அன்னைக்கு ரூம்ல நான் ஏன் உன்னை நம்பினேன்னு தெரியுமா?" என்றான். "நீ என்மேல பொறாமைல பேசறேன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனாலதான் நம்பினேன். அந்த ரூம்ல என் மெமோவை முழுசா படிச்சவன் நீ ஒருத்தன்தான்டா. மத்தவங்களுக்கு என்னைப் பிடிக்கும், அதனால படிக்கல."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தத் தைரியத்தில், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"நீயும் அப்படித்தானே? அந்த இனிப்புக் கடை டீல்ல, மூணு இடத்துல நெய் வாங்கறாங்கன்னு நான் எழுதியிருந்தேன். உனக்குப் புரிஞ்சிருக்கும். வேணும்னேதானே சும்மா இருந்தே?"

முரளி நெற்றியைச் சுருக்கினான். "எந்த நெய்?"

சொன்னேன். கடைசிப் பக்கம், மூன்று மாமனார்கள், எல்லாம். அவன் முகத்தில் உண்மையான வருத்தம் வந்தது. "சே, படிச்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனேடா. நான் அதைப் படிக்கவே இல்ல. முதல் ரெண்டு பக்கம் பாத்தேன், நல்லா இருக்குன்னுட்டேன்."

"என்மேல உனக்கு ஒரு நாள்கூட பொறாமை வந்ததில்லையா?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். கடலைப் பார்த்தபடி நிஜமாகவே யோசித்தான். பிறகு மெதுவாக, "இல்லடா" என்றான்.

இத்தனை வருடமாக அவன் என்னை வேண்டுமென்றே விழ விட்டான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு மரியாதையாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டபோது அந்தப் பக்கத்தில் என்னை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. என் மெமோக்கள் எல்லாம் சுமூகமாகக் கமிட்டியைத் தாண்டியதற்கும், என் டீல்கள் எல்லாம் சுமாராக முடிந்ததற்கும் காரணம் ஒன்றுதான். என்மேல் பொறாமைப்பட ஒருவரும் இல்லை.

போக்குகளும் வாய்ப்புகளும் என்று கேட்டார்கள், என்னால் சொல்ல முடிந்தது இதுதான். அடுத்த மெமோவைக் கமிட்டிக்கு அனுப்பும் முன்பு, உங்களைக் கண்டாலே ஆகாதவர் யார் என்று பாருங்கள். அவர் மேசையில் ஒரு பிரதி வையுங்கள். கணினி சுருக்கித் தந்த ஒரு பக்கத்தை வைக்காதீர்கள், முழுசாக வையுங்கள். அப்படி ஒருவர் உங்கள் மாடியில் இல்லையென்றால் மந்தைவெளிக்கு எனக்கு அனுப்புங்கள். விலாசம் ஆபீசில் இருக்கிறது. உங்கள்மேல் எனக்குப் பொறாமை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, கடைசிப் பக்கம் வரை படிப்பேன்.